பிறகு என்ன ஆனது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரில் வரும் விஞ்ஞானப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தவன். ஆனால் பல வருஷமாக ஒரு விஷயம் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கிறது. "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற செய்தி படத்தோடு நாலு பத்தியில் வருகிறது. அது பிழையாகிப்போனாலோ, பாதியில் நின்றாலோ, சொன்னவர்களே சுருதியைக் குறைத்துக்கொண்டாலோ அந்தச் செய்தி வருவதில்லை. வந்தாலும் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வருகிறது.

2024 செப்டம்பரில் சீனாவிலிருந்து வந்த நீரிழிவுச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தியன்ஜினைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவருடைய உடம்பிலிருந்தே கலங்களை எடுத்து, அவற்றை மாற்றி, இன்சுலின் சுரக்கும் கலங்களாக வளர்த்து, அவருடைய வயிற்றுத் தசைக்குள் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படாமல் போய்விட்டது. பெரிய சாதனைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சந்தேகமெல்லாம் "சீனி வருத்தத்துக்கு முடிவு வந்தது" என்ற மாதிரித் தலைப்புகளில்தான். என் மாமி அந்தச் செய்தியைக் கத்தரித்து, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய், "இந்த ஊசி இங்க எப்ப வரும் டொக்டர்" என்று கேட்டிருக்கிறார். வெளியே வரிசை வாசல்வரை நிற்க, அந்த டொக்டர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்: அந்தப் பிள்ளைக்கு இருந்தது முதலாம் வகை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் கலங்களை அழிப்பதால் வருவது, அம்மா, உங்களுக்கு இருப்பது இரண்டாம் வகை, இரண்டும் ஒன்றில்லை. மாமிக்கு அது முழுதாக விளங்கவில்லை. எப்படியும் மருந்து வரப்போகிறதுதானே என்று மெற்போமின் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்கிவிட்டார், அடுத்த கிளினிக்கில் சீனி ஏறி நின்றபோதுதான் வீட்டில் எங்களுக்கே தெரியவந்தது.

பிறகு நான் தேடி வாசித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஈரல் மாற்றுச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த மருந்து இல்லாத ஒருவருடைய உடம்பு இந்தக் கலங்களை ஏற்குமா, அழித்துவிடுமா என்பதை அவரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரேயொரு ஆள், முதலாம் வகை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவர். இந்த மூன்றையும் செய்தியின் முதல் பந்தியில் போட எவ்வளவு இடம் பிடிக்கும்? வட்ஸ்அப்பில் வருவதை எங்கள் ஆட்கள் இப்போது கொஞ்சமாவது சந்தேகப்படப் பழகிவிட்டார்கள், ஆனால் பேப்பரில் வந்தால் அது உண்மை என்று நம்புகிற தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நீங்கள் பொறுப்பு.

அப்புறம் அந்த விண்கல். 2024 ஒய்ஆர்4 என்று பெயர் வைத்தது, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும், விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருக்கிறது என்று 2025 பெப்ரவரியில் எல்லாப் பேப்பரிலும் வந்தது. வாய்ப்பு 1 வீதம், 2 வீதம், பெப்ரவரி 18ஆம் திகதி 3.1 வீதம் என்று ஏற ஏறத் தலைப்பும் பெருத்துக்கொண்டே போனது. எங்கள் திருகோணமலை 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரை ஐயா. திருக்கடலூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர், அன்றைக்குச் சொந்தத்தில் ஆட்களை இழந்தவர், கடை வாசலில் நின்று "கல்லு கடலுக்குள்ள விழுந்தா அலை எவ்வளவு உயரத்துக்கு வரும்" என்று என்னைக் கேட்டார், பகிடியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த வாய்ப்பு ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. அந்தச் செய்தியை அவருக்குக் காட்டலாம் என்று பேப்பரைப் புரட்டிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

ஏன் ஏறி இறங்கியது என்பதை யாராவது விளக்கியிருந்தால் அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். கல் எங்கே போகும் என்பது சரியாகத் தெரியாத நேரத்தில் அது வரக்கூடிய பரப்பு மிகப் பெரியது, பூமி அதில் ஒரு சின்னப் புள்ளி. தொலைநோக்கியில் பார்க்கப் பார்க்க அந்தப் பரப்பு சுருங்கும், பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கும்வரை வீதம் ஏறத்தான் செய்யும், பூமி அதற்கு வெளியே வந்ததும் ஒரேயடியாக விழுந்துவிடும். அதாவது ஏறிய நாட்களிலும் விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். செய்தி சொன்னவர்கள்தான் ஏறியதை மட்டும் சொன்னார்கள்.

அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்துச் சக்தி எடுக்கும் அணுக்கரு இணைவு பற்றி 2022 டிசம்பரில் வந்த செய்தியும் இப்படித்தான். அந்த வருஷம் மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டில் கிடந்த நாடு இது, "போட்டதைவிடக் கூடுதலான சக்தி கிடைத்தது, இனி முடிவில்லாத மின்சாரம்" என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள். அமெரிக்க ஆய்வுகூடத்தில் லேசர் ஒளியாக உள்ளே போனது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. சரி, ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்வலையமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். நம்முடைய கரண்ட் பில் கணக்கில் பார்த்தால் 80 அலகுக்கு மேல் செலவழித்து ஒரு அலகுகூட முழுதாக வரவில்லை. பௌதிகத்தில் அது பெரிய காரியமாகவே இருக்கட்டும், வீட்டுக்கு விளக்கு எரியப்போகிறது என்று ஏன் எழுதவேண்டும்? அழிந்துபோன ஓநாய் திரும்பி வந்தது என்று 2025 ஏப்ரலில் போட்டதும் ஒரு கம்பனியின் அறிவிப்பை வைத்துத்தான். சாம்பல் ஓநாயின் மரபணுவில் 20 இடத்தில் மாற்றம் செய்த குட்டிகள் அவை, கம்பனியின் தலைமை விஞ்ஞானியே பிறகு அதை ஒப்புக்கொண்டார்.

உள்நாட்டு விஷயத்தில் இது இன்னும் மோசம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்று அமைச்சர் சொன்னார், உலகமே குரங்கைப் பற்றிக் கதைத்தது. ஞாயிறு பகலில் மின்தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், வலையமைப்பை நிலையாகப் பிடித்து வைக்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூட வலையமைப்பால் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை பிறகு சொன்ன விளக்கத்தை எத்தனை பேர் வாசித்தார்கள்? அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னதும் அதே காரணத்துக்காகத்தான். அதே ஏப்ரலில்தான் மூதூர்ப் பக்கத்து எங்கள் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானத்துக்குத் தொடக்க விழாவும் நடந்தது. பகல் மின்சாரத்தைச் சேமிக்க என்ன ஏற்பாடு, வலையமைப்பு தாங்குமா என்று மூதூர்ச் சனம் கேட்கவேண்டிய கேள்விகள் அந்த விளக்கத்துக்குள்தான் இருக்கின்றன.

நான் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறுமுன் எச்சரிக்கை வந்தது, சனம் இடம்பெயர்ந்தது. அந்தக் கணிப்பைச் சொன்னவர்கள் மேல் எனக்கு முழு மரியாதை உண்டு. அந்த மரியாதை வீணாகக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். பத்து அதிசயச் செய்தியில் ஏமாந்தவன் பதினோராவதாக வரும் புயல் எச்சரிக்கையையும் தட்டிவிடுவான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எலியில் பார்த்ததா மனிதரில் பார்த்ததா, எத்தனை பேரில், வேறு ஆய்வாளர்கள் சரிபார்த்தார்களா, காசு போட்டது யார் என்பதைச் செய்தியின் தலையிலேயே போடுங்கள். பெரிதாகப் போட்ட ஒவ்வொரு செய்தியையும் ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்து, என்ன ஆனது என்று அதே பக்கத்தில் எழுதுங்கள், வார இதழில் கால் பக்கம் போதும். எல்லாவற்றுக்கும் ஆள் காணாது என்றால் மருத்துவச் செய்திகளுக்கு மட்டுமாவது இந்த மாதமே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.