விபூதியை அழிக்கச் சொல்லும் சட்டம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள அரசுப் பள்ளி வகுப்பறையில் ஒரு குழந்தை கடவுள் பெயரைச் சொல்வதே குற்றம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பீட்சாவைப் பற்றிக் கவலைப்படப் போய்விட்டார். என்னால் அவ்வளவு சுலபமாக அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் டெக்சாஸில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைத்தவள். மகள் இப்போது கல்லூரியில். மகன் இன்னும் பள்ளிக்கூடம்தான். இருவரும் வெள்ளிக்கிழமைகளில் விபூதி இட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார்கள். எந்தப் போலீசும் வரவில்லை.

அங்கே எதற்குத் தடை என்பது தாங்கள் அறியாததல்ல. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் தானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனை எழுதி, காலையில் பள்ளிகளில் சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. லாங் ஐலண்டில் சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, பள்ளி நடத்துகிற பைபிள் வாசிப்பும் கூடாது என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து 'பள்ளியைவிட்டுக் கடவுளை விரட்டிவிட்டார்கள்' என்று ஒரு கூட்டம் அங்கே அரசியல் நடத்துகிறது. அவர்கள் பேசுவதில் எனக்கு ஆச்சரியமில்லை, அது அவர்கள் பிழைப்பு. தங்கள் பத்திரிகைக்கு என்ன வந்தது?

அந்தத் தீர்ப்புகள் கட்டிப்போட்டது அரசாங்கத்தின் வாயை. பிள்ளை தானாகச் சாப்பாட்டுக்கு முன் கும்பிடலாம், பரீட்சைக்கு முன் கும்பிடலாம், பக்கத்துப் பையனிடம் முருகனைப் பற்றிப் பேசலாம். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த பிள்ளைகளின் வழக்கில், பள்ளி வாசலில் மாணவர்களின் உரிமை கழன்று விழுந்துவிடுவதில்லை என்று 1969-லேயே தீர்ப்பாகிவிட்டது. வீட்டுப்பாடத்திலும் ஓவியத்திலும் மாணவர் தன் மத நம்பிக்கையை வெளிப்படுத்தினால் அதற்காக மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது என்று டெக்சாஸில் 2007-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பண்டிகைக்கு விடுப்பு எடுத்தால் அனுமதித்தே ஆக வேண்டும். தினமும் காலையில் கொடி உறுதிமொழி முடிந்ததும் ஒரு நிமிட மௌனம் வேறு உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் கந்தனை நினைக்கலாம், காலைத் தூக்கத்தையும் நினைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இவ்வளவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை, பீட்சா பட்டிருக்கிறது.

கஷ்டமே இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் மாற்று ஆசிரியையாக வந்த அம்மாள் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பி நெற்றியைக் கழுவிவரச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பிள்ளை ஈர முடியோடு வந்து நின்றாள். மறுநாள் நான் மத்தியக் கல்வித் துறையின் வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு போனேன். பிரின்சிபால் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், அந்த அம்மாளிடமும் பேசினார். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. 'ஸ்கூலில் மதமே கூடாது' என்று எங்கேயோ கேட்டிருக்கிறார், நம்பியிருக்கிறார். தங்கள் இதழில் இப்போது அச்சாகியிருப்பதும் அதே வாக்கியம்தானே ஐயா?

அதனால்தான் கோபம். போன வருடம் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒரு பெண், பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இங்க அலவுடு இல்லியாமே அக்கா" என்றாள். யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். இதுபோன்ற கட்டுரைகளும் சொல்லியிருக்கும். சட்டம் தொடாத நெற்றியை நம் ஆட்களே துடைக்கிறார்கள்.

இது விபூதிக்கு மட்டுமான பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து வந்த என் தோழியின் மகன், தனக்கு மிகவும் பிடித்தவரைப் பற்றிய கட்டுரையில் இயேசுவைப் பற்றி எழுதினான். ஆசிரியை வேறு ஆளைப் பார்த்து எழுது என்று திருப்பிக் கொடுத்தார். தோழிக்குக் கைகொடுத்ததும் நான் சொன்ன அதே 2007 சட்டம்தான். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பையனுக்கு பி கிரேடுதான் வந்தது, எழுத்துப் பிழைகளுக்காக. அது நியாயம்.

எழுத வேண்டியதைக் கட்டுரையாளர் எழுதவில்லையே என்பது அடுத்த வருத்தம். அரசுப் பள்ளி வகுப்பறைதோறும் 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்குக் குறையாமல் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று டெக்சாஸில் 2025-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். லூசியானா அதற்கு முந்தைய ஆண்டே கொண்டுவந்துவிட்டது. இத்தனைக்கும் கென்டக்கியில் இதே போன்ற சட்டத்தை 1980-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. டெக்சாஸில் வழக்குப் போட்ட பெற்றோர்களில் இந்துக்களும் இருந்தார்கள், யூதர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். சில பள்ளி மாவட்டங்களுக்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது. வேறு தெய்வம் கூடாது, உருவம் செய்து வணங்கக் கூடாது என்று அரசாங்கம் மாட்டிய பலகைக்குக் கீழே நெற்றியில் விபூதியோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை தானாகச் சொல்வதும் அரசாங்கம் அதற்குச் சொல்வதும் ஒன்றாகுமா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கும் இது புரியவில்லை. பலகை மாட்டுவதாக இருந்தால் பக்கத்தில் பகவத் கீதையையும் மாட்டச் சொல்லிக் கேட்போம் என்று கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுத, அறுபது கைதட்டல். அப்புறம் குர்ஆன், அப்புறம் சீக்கியர்களின் கிரந்தம். கரும்பலகை வைக்க எங்கே இடம் என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஒரு குட்மார்னிங் படம் வந்தது.

எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று 2023-ல் சட்டம் வந்தபோது, அமெரிக்கா முழுவதும் விடுமுறை என்று தலைப்புப் போட்டீர்கள். ஊரிலிருந்து என் அத்தை போன் செய்து வாழ்த்தினார். அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய இரண்டு வரிகள் மட்டும் பிரசுரமாயின. கத்தரிக்கோல் தங்களுடையது, நான் என்ன சொல்ல முடியும்? தீபாவளி மலருக்கு ஆண்டுதோறும் எங்கள் பட்டுப்புடவைப் படங்கள் மட்டும் தவறாமல் தேவைப்படுகின்றன.

அங்கே தடை, இங்கே சுதந்திரம் என்கிற தொனியும் உறுத்தியது. நான் படித்தது தமிழ்நாட்டில், அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில். தினமும் காலையில் ஒரே மதத்தின் ஜெபம். சொல்லாதவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. என் அப்பாவிடம் யாரும் சம்மதம் கேட்டதாக நினைவில்லை. இதே இந்தியாவில்தான், தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் மதக் காரணத்தால் பாடாததற்காகக் கேரளத்தில் வெளியேற்றப்பட்ட மூன்று பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1986-ல் உத்தரவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஒன்று, கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 1943-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பு. கட்டுரையாளர் தேடியிருந்தால் இதுவும் கிடைத்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், மாணவர் தானாகக் கும்பிடுவதற்கும் மதச் சின்னம் அணிவதற்கும் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் தடை இல்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பில் அந்த வரியை நீக்கிவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால், வணக்கத்தை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், மூன்றாம் வகுப்பு விஷயத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
டெக்சாஸ்