நாகையிலிருந்து ராஜிக்கு

நாகப்பட்டினம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பெயர் வைத்த சேதி உன் மருமகள் போட்ட ஸ்டேட்டஸிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் உன் கோழிக் கிறுக்கலில் படிக்கிற சுகம் தனி. இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் மட்டும்தான் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது.

“மழை ஆரம்பித்துவிட்டதே, ஊர் தயாரா?” என்று கேட்டிருந்தாய். பாதி தயார். மீதிப் பாதியைப் பற்றி உன்னிடம் புலம்பாமல் யாரிடம் புலம்ப? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாம்.

போன வாரம் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து என்னையும் அழைத்துப் போனார்கள். திரையில் வரிசையாகக் காட்டினார்கள். போனில் பேரிடர் எச்சரிக்கை தரும் டிஎன் அலர்ட் செயலி, சசேத் செயலி, உதவிக்குக் கூப்பிட மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070, எந்த அவசரத்துக்கும் 112. இதையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று இப்படி முன்கூட்டி எச்சரிக்க நம்மிடம் எதுவும் இல்லை. அலை ஊருக்குள் வந்த பிறகுதான் அலை வருகிறது என்றே தெரிந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் பறிகொடுத்தோம். இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007இலிருந்து.

2023 அக்டோபர் 20 ஞாபகமிருக்கிறதா? தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் போன் அலறியதே, அந்தப் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. பக்கத்து வீட்டு அம்மாள் பதறிப்போய் போனைத் தண்ணீர் வாளிக்குள் போடப் போய்விட்டாள். அது எஸ்எம்எஸ் மாதிரி ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போவதில்லை. டவர் தன் எல்லைக்குள் இருக்கிற எல்லா போனுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். நெரிசலில் மாட்டாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும்.

கேள்வி நேரத்தில் அதைத்தான் கேட்டேன். “கரண்ட் போனால் டவருக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே இருக்கிறது? ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் அதை யார் கொண்டுபோய் ஊற்றுவார்கள்?” மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்டால் சரி.

நீ கோயம்புத்தூரில் இருந்ததால் கஜா புயலை டிவியில் பார்த்தாய். 2018 நவம்பர் 15 ராத்திரி வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னார்கள், ஜனங்களை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். 16ஆம் தேதி விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து பார்த்தால் எந்தப் போனிலும் ஒரு கோடு சிக்னல் கிடையாது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் வர சில இடங்களில் வாரக்கணக்காயிற்று. என் மகள் சென்னையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அவளுக்கு நான் உயிரோடு இருப்பதே தெரியாது. அதாவது பரவாயில்லை. வேதாரண்யம் பக்கம் உள்கிராமங்களில் கூரை போய், தென்னை போய், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லவே வழியில்லை. நிவாரண லாரி மெயின் ரோட்டு ஊர்களோடு நின்றுகொண்டது. ஜனங்கள் மறியலில் உட்கார்ந்ததற்கு அந்தக் கோபம்தான் காரணம் என்பேன்.

மேலேயிருந்து கீழே சேதி வர எத்தனையோ வழி வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து மேலே போக ஒரே வழி, செல்போன். முதலில் சாவதும் அதுதான்.

1977 நவம்பர் புயலில் நாம் பார்த்ததுதானே. கம்பங்களோடு கம்பியும் போய், போர்டே ஊமையானது. போலீஸ் வயர்லெஸ்தான் ஊரைத் தாங்கியது. அதுவரைக்கும் நம் கையில் ஒரு வரிசையாவது இருந்தது. ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்றால் முதலில் கொடுப்போம், கல்யாண விசாரிப்பெல்லாம் காத்திருக்கும். லைட்னிங் கால் என்று எட்டு மடங்கு காசு கட்டுகிற மகராசன்கூட அவசரத்துக்குப் பின்னால்தான். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் “நல்லாயிருக்கியா” என்று அடிக்க, பிரசவ வலியில் இருப்பவளுக்கு லைன் கிடைக்காது. பேசுவதைவிட எஸ்எம்எஸ் மிகக் கொஞ்சம் இடத்தைத்தான் பிடிக்கும், அந்த நேரத்தில் அதை அனுப்புங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, 1லிருந்து 11 வரை. 10தான் பெரிய ஆபத்து என்று பேப்பரில் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். 11 என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து என்று உள்ளூர் அதிகாரியே முடிவு செய்துகொண்டார் என்று அர்த்தம். தந்தி காலத்து ஆள் ஒருவன் தந்தி அறுந்துபோகும் நாளையும் யோசித்து அதற்கு ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறான். நம் திரையில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

நம்மிடம் பொருள் இல்லாமலில்லை. சுனாமியன்று புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் என்ன நடந்தது? சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார், ஊருக்குத் தகவல் சொல்ல வைத்திருந்த அறிவு மையத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள், ஊரே ஓடித் தப்பியது. நாகூர் தர்கா கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் எத்தனை மைக் செட் கட்டுகிறோம்! அந்த ஆம்ப்ளிஃபயர் பலதும் கார் பேட்டரியிலேயே ஓடும். எந்தத் தெருவில் யாரிடம் மைக் செட் இருக்கிறது, எவரிடம் சைக்கிளில் போய்த் தகவல் சொல்ல ஆள் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைக்கக் கூடாதா? தண்டோராவை 2022இல் நிறுத்தினார்கள், அது சரியான காரியம், ஒரு ஜாதியின் தலையில் கட்டிய வேலை அது. அதற்குப் பதில் வந்த ஒலிபெருக்கி வண்டி, மரம் விழுந்த தெருவுக்குள் எப்படி வரும்?

தனி ஆட்கள் சொந்தமாக வைத்துப் பேசுகிற வயர்லெஸ்ஸான ஹாம் ரேடியோ பற்றியும் சொன்னேன். சுனாமி சமயத்தில் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் சேதி சொன்னவர்களில் அவர்களும் உண்டு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், இங்கே காலேஜ் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு பையன் மட்டும் கூட்டம் முடிந்து என் பின்னாலேயே வந்து விவரம் கேட்டான். வார்டு மைக் செட் பட்டியலை அவனும் நானும் சேர்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், வந்துவிடு. வரும்போது அங்கே டவுன்ஹால் பக்கம் செல் போட்டுக் கேட்கிற டிரான்சிஸ்டர் கிடைத்தால் ஒன்று வாங்கி வா, மீடியம் வேவ் கட்டாயம் இருக்க வேண்டும், திருச்சி ஸ்டேஷன் எடுக்கணும். இங்கே கடையில் கேட்டால் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து நீட்டுகிறான்.

அன்புடன்,
சாவித்திரி