மாப்பிள்ளையின் ஆர்எஸ் ஆசை

அம்மிணி,

பழைய வண்டி வாங்கினாலும் ஸ்கோடா ஆக்டேவியா காரின் வேக வகையான ஆர்எஸ் தவிர வேறு எதையும் மாப்பிள்ளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்கிறார், நீங்கதான் எடுத்துச் சொல்லணும் என்று எழுதியிருந்தாய். தடுக்க எனக்கு மனசில்லை, வண்டி நல்ல வண்டிதான். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் மட்டும் இப்படி இல்லை. ஸ்கோடா 2001இல் அவுரங்காபாத்தில் ஆக்டேவியாவைக் கட்டத் தொடங்கியதிலிருந்தே இந்தக் கூட்டம் உண்டு. 2004இல் 1.8 டர்போ ஆர்எஸ், 2011இல் லாரா (இரண்டாம் தலைமுறை ஆக்டேவியாவுக்கு இங்கே வைத்த பெயர்) ஆர்எஸ், 2017இல் 230 குதிரைத்திறனில் ஆர்எஸ் 230. 2020இல் ஆர்எஸ் 245ஐ 36 லட்சத்துக்கு வெறும் 200 வண்டிதான் இறக்கினார்கள். 2025இல் சுமார் 50 லட்சத்துக்கு 100 வண்டி. அதுவும் முன்பதிவிலேயே தீர்ந்துபோனது. சர்வீஸ் சென்டரை வாய் ஓயாமல் திட்டுகிறவரே அடுத்த ஆர்எஸ்ஸுக்கும் முதல் ஆளாய் நிற்கிறார். 590 லிட்டர் டிக்கி, பின் சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதே வண்டி ஏழு நொடிக்குள் நூறைத் தொடும் என்றால், அந்த விலையில் இந்தியாவில் அதற்கு இணையாக வேறொன்று கிடைப்பது அரிது. கம்பெனியும் குறைவாகவே விடுகிறது. அதனால்தான் பழைய வண்டிக்கும் இவ்வளவு விலை. அதில் ஒரு பங்கு இரும்புக்கு, மீதி பக்திக்கு.

முதலில் கியர்பாக்ஸ். 2013க்குப் பிறகு வந்த சாதாரண ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை. அது 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்பதால் எஞ்சினின் டார்க்கையே (சுழற்றும் விசை) 250இல் கட்டிவைத்தார்கள். உங்கள் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு மாதிரி நெரிசலான இடத்தில் அரை அடி அரை அடியாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாகும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுங்கும், ரிவர்ஸ் தாமதமாக விழும், கடைசியில் டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து மினுக்கும். ஆர்எஸ் 230இல் இருப்பது டிகியூ250: ஆறு கியர், எண்ணெய்க் குளியலில் இரட்டைக் கிளட்ச், டார்க் 350. குடும்பத்துக்கு ஏற்றது அதுதான். இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், 1.8 வண்டிக்கு ஆர்எஸ் கிரில்லும் பேட்ஜும் மாட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் எஞ்சின் கொள்ளளவு 1984 சிசி என்று இருக்கிறதா பார். 1798 என்றிருந்தால் திரும்பி வந்துவிடு.

டிகியூ250க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடும் நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். ஆறிய வண்டியில் கண்மதிப்பாக ஊற்றியிருந்தால் கியர்பாக்ஸுக்குக் கேடு. அந்த பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேள்.

வண்டி பார்க்கப் போகும்போது முதல்நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல். காலையில் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பார். அளவு குறைவாக இருந்து, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை இருந்தால், வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிகிறது. இந்த எஞ்சினில் அது வழக்கமான நோய். பாகத்தோடு சேர்த்துக் கூலியும் வரும், அதைக் கணக்கில் வை. பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கிங்கில் விட்டுக் காது கொடு. ஐடிலில் கடகடவென்று தகரம் அடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் ஃபிளைவீலைச் சந்தேகப்படு. ஏதாவது மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டுப் பார்க்கவும் மறக்காதே.

அதைவிட முக்கியம் ஸ்கேனர். ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வேகன் வண்டிகளுக்கென்று தனி மென்பொருள் வைத்திருக்கிற வொர்க்‌ஷாப்புக்கே கொண்டு போ, வண்டியின் எல்லா மின்னணு மாடியூலையும் படிக்கச் சொல். பழுதுப் பதிவோடு அது ஏற்பட்ட கிலோமீட்டரும் பதிவாகும். மீட்டரில் 48,000 என்று காட்டி, பழைய பழுது ஒன்று 71,000இல் பதிவாகியிருந்தால் கதை முடிந்தது.

ரீமேப்தான் பெரிய தலைவலி. இந்த வண்டியை வாங்குகிறவர்களில் பலர் எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி முந்நூறு குதிரை வரை ஏற்றிவிடுவார்கள், அதற்குப் பெயர்தான் ரீமேப். விற்கும்போது பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். கம்பெனி சர்வரில் ரீமேப் செய்த வண்டிக்குப் போடும் டிடி1 என்ற குறி விழுந்திருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். அடியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று லிஃப்ட்டில் ஏற்றிப் பார்.

ஆர்எஸ் 245 வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்வார். அது முழுசாக இறக்குமதி ஆனது, மொத்தமே 200தான். ஒரு பம்பர் உடைந்தால்கூடக் காத்திருக்க வேண்டி வரும். முன் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் மின்னணு லாக் உண்டு. அதன் எண்ணெயை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தனியாக மாற்ற வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் 2021–23இல் வந்த சாதாரண ஆக்டேவியா 2.0 போதும். 190 குதிரை, 320 டார்க், ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி. ரீமேப் செய்து கசக்காத வண்டி கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் பேட்ஜ் இல்லையே என்பார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கர்நாடகப் பதிவு வண்டியாகப் பார்த்தால் பெயர் மாற்ற படிவம் 29, 30 போதும். மும்பை, டெல்லி வண்டி மலிவாகத் தெரியும். படிவம் 28இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடகாவில் மறுபடி சாலை வரி கட்டினால் மலிவு காணாமல் போகும். கடன் இருந்த வண்டி என்றால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதே.

வாங்கிய பிறகு 95 ஆக்டேன் பெட்ரோல். எஞ்சின் ஆயில் 5.7 லிட்டர், புத்தகம் 15,000 என்றாலும் பெங்களூர் நெரிசலுக்குப் பத்தாயிரத்தில் மாற்று.

விலை பேசும் அன்று மாப்பிள்ளையை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல். வண்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்த்தாலே விற்கிறவர் ஐம்பதாயிரம் ஏற்றிவிடுவார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா