புகையைப் பார்க்கிறீர்கள், டயரையும் பாருங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன்.

ஒரு பைக் பதிவாகி, 15 ஆண்டு கழித்துப் புதுப்பிக்க வரும்வரை அதன் டயரை அரசாங்கத்தின் சார்பில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆட்டோவுக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு. அந்த ஒரு நாளுக்கு இரவல் டயர் மாட்டிக்கொண்டு போவோர் கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் பார்ப்பதற்கு ஓர் ஆளாவது இருக்கிறார். சொந்த பைக்கில் நாள் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிக்கு அதுவும் இல்லை.

விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 94-ஆம் விதிப்படி, இருசக்கர வண்டி டயரின் பட்டன் ஆழம் (மேலே வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம்) 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதை அளக்கத்தான் இடமில்லை.

மொட்டை டயரோடு வருபவரிடம் மாற்றச் சொன்னால், "இன்னும் ரெண்டு மாசம் ஓடும்ல அண்ணே?" என்பார். ஓடும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. பந்தய பைக்குகள் பட்டனே இல்லாத டயரில்தான் பறக்கின்றன. மழையில்தான் வினை. பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் வெளியேறினால்தான் ரப்பர் ரோட்டைத் தொடும்.

பார்வைக்கு ஏமாறுவதும் சுலபம். பைக் டயர் கார் டயரைப் போலத் தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். ஊருக்குள் நேராகவே ஓடும் வண்டிக்கு நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்துப் பட்டன் புதுசாகவே நிற்கும். அதைக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அப்படித் தட்டையான டயரோடு திருப்பத்தில் சாய்த்தால், வண்டி முதலில் முரண்டு பிடித்துவிட்டுச் சட்டென்று சரியும். எஞ்சின் இழுவை முழுக்கப் பின்சக்கரத்தில் என்பதால் பெரும்பாலும் அதுதான் முதலில் தேயும். காற்று கூடினால் நடு தேயும், குறைந்தால் ஓரங்கள் தேயும். ஆகவே இரண்டு டயரிலும் நடுவிலும் ஓரங்களிலும், சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவை எழுத வேண்டும்.

இதற்குப் புது அலுவலகம் வேண்டாம். புகைப் பரிசோதனை மையங்கள் உங்கள் துறையின் அனுமதியில் நடக்கின்றன. சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதால், ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தடவை பைக் அங்கே வந்து நிற்கத்தான் வேண்டும். (வண்டியே வராமல் சான்று கிடைப்பதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.) புகைச் சான்றின் படிவம் நாடு முழுக்க ஒன்றே, அதில் நீங்கள் கைவைக்க முடியாது. தனிச் சீட்டு போதும்: வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், முன் ஆழம், பின் ஆழம். அடுத்த தடவை இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்தால், டயரை எப்போது மாற்ற வேண்டியிருக்கும் என்று ஓட்டுபவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

டயர் எப்போது தயாரானது என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-ஆம் வாரம். கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் போய்வரும் பெரியவர்களின் ஸ்கூட்டரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போய் வெடிப்பு விட்டிருக்கும்.

இந்தச் சீட்டை மட்டும் அபராதம் போடும் கருவியாக்கிவிடாதீர்கள். ஆக்கினால், தேய்ந்த டயரில் மறுபடி பள்ளம் கீறி விற்பவர்களுக்குத்தான் வியாபாரம். அளவுகோல் நல்ல ஆழம் காட்டும். பள்ளத்துக்கு அடியில் ரப்பர் இருக்காது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன் ஒரே ஒரு மாவட்டத்தில் நடத்திப் பாருங்கள். திருச்சி என்றால், மையத்துப் பையன்களுக்கு அளக்கச் சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பைக் மெக்கானிக்,
திருச்சி