அசல் செதுக்கச்சு என்று விற்றது நகல்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்
கைவினை வாழ்த்து அட்டை தயாரிப்பவர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அசல் என்று விளம்பரம் செய்து நகல் படங்களை அனுப்பியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

கிறிஸ்துமஸுக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். டிசம்பர் பிறந்தால் எங்கள் மாவட்டத்தில் தெருவெல்லாம் நட்சத்திரமும் குடிலும்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊர் ஞாபகமாக அட்டை அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை படங்கள் 40 உங்களிடம் வாங்கினேன். "செப்புத் தகட்டில் கையால் செதுக்கி ஒவ்வொன்றாக அச்சிட்ட அசல் படம், ஓவியர் கையெழுத்துடன்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். ஒன்றுக்கு 180 ரூபாய் என்பதை அதனால்தான் யோசிக்காமல் கொடுத்தேன். மொத்தம் 7,200 ரூபாய்.

வந்தவை அசல் அல்ல.

செதுக்கச்சு என்றால், செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளுக்குள் மையைத் தேய்த்து இறக்கி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். மை கோட்டிலிருந்து தாளுக்கு ஏறுவதால் விரலால் தடவினால் கோடு மேலெழும்பித் தெரியும். தகட்டின் விளிம்பு தாளில் படத்தைச் சுற்றி ஒரு பள்ளத்தைப் பதித்திருக்கும். நீங்கள் அனுப்பியதில் இரண்டுமே இல்லை. தாள் வழவழவென்று இருக்கிறது. தெரிந்த தட்டார் ஒருவரிடம் பத்து மடங்கு லென்ஸ் வாங்கிப் பார்த்தேன்; கோடு இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணப் புள்ளிகள். உளி பிடித்துப் பழகியவர் அவர், பார்த்ததுமே "இது செதுக்கினது இல்லை" என்றார். செப்புச் செதுக்கச்சே 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பொற்கொல்லர்கள் கையிலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் கை அறியும்.

இன்னும் மோசம், எண். அசலில் ஓவியர் பென்சிலால் 12/50 என்று எழுதினால் ஐம்பதில் அது பன்னிரண்டாவது படி. அடுத்தது 13/50. வட்டக்கோட்டைப் படங்கள் அத்தனையிலும் 12/50 என்றே இருக்கிறது, கையெழுத்தின் வளைவு உட்பட அச்சு அசலாக. ரப்பரால் தேய்த்தாலும் அழியவில்லை.

நகல் விற்பது குற்றமில்லை. நகல் என்று சொல்லி, நகலுக்குரிய விலைக்கு விற்கலாம். உங்கள் சொல்லை நம்பி நானும் "அசல் செதுக்கச்சு" என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பணத்தை இப்போது திருப்பிக் கொடுத்து வருகிறேன். நகலை அசல் என்று ஒட்டி ஓர் அட்டைகூட என் கையிலிருந்து போகாது.

7,200 ரூபாயையும் கூரியர் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். விளம்பரத்திலிருந்து "அசல்" என்ற சொல்லை உடனே நீக்குங்கள். இதே படங்களை வாங்கிய மற்றவர்களுக்கும் உண்மையைத் தெரிவியுங்கள். தவறினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ரசீது நகல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், லென்ஸ் வழியாக எடுத்த படங்கள் இணைத்துள்ளேன். 40 படங்களும் அப்படியே என்னிடம் உள்ளன. உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்