டே கேம்ப்புக்குப் போகும் மருமகளுக்கு

அன்பு மருமகளே,

டல்லாஸில் உங்கள் வீட்டுப் பக்கத்தில் நடக்கும் டே கேம்ப்பில், அதாவது பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம் வீடு திரும்பும் விடுமுறை முகாமில், இந்தக் கோடைக்குப் பயிற்சிக் கவுன்சிலராக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவியாக, சேரலாமா என்று கேட்டிருந்தாய். சம்பளம் கிடையாது, அந்த நேரத்தில் காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சைக்குக் கோச்சிங் போனாலாவது பிரயோஜனம் என்று உங்கம்மா சொல்வதாகவும் எழுதியிருந்தாய். போ, தயங்காமல் போ. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இதைத் தனியாக அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம், உன் வயதில் இப்படிப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

காலேஜ் விண்ணப்பத்தில் சேவை என்று காட்ட இது உதவும், அதில் தப்பில்லை. ஆனால் அதற்காக மட்டும் வருகிறவர்களைப் பிள்ளைகள் அரை நாளில் கண்டுபிடித்துவிடும். 2021ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது இங்கே மேலூர்ப் பக்கம் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலர்களில் நன்றாகப் பாடுகிறவர், கதை சொல்கிறவர் எல்லாரும் இருந்தார்கள். பிள்ளைகள் போய் ஒட்டிக்கொண்டது, ஒரு நாள் வராத பையனின் வீட்டுக்கே நடந்து போய் "ஏன்டா வரல" என்று கேட்ட ஒரு பெண்ணிடம்தான்.

நீ ஆட்டம் பாட்டத்தைப் பற்றித்தான் கேட்டாய். அதெல்லாம் போனதும் தானாக வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது தலை எண்ணுவதைப் பற்றி. டே கேம்ப்பில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வயது வரை 10 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் சொல்கிறது. இங்கே 20 பேருக்கு ஒரு தன்னார்வலர் என்று நடத்தினோம், பிள்ளைகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போகும் நாளில் நிலைமை அதைவிட மோசம், அதனால் அந்த எட்டின் அருமை எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போது எண்ணு, இறங்கும்போது எண்ணு, கழிப்பறைக்குப் போய்வந்ததும் எண்ணு, சாப்பிட்டு எழுந்ததும் எண்ணு. முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லி எண்ண வேண்டும், ஏனென்றால் பக்கத்துக் குழுப் பிள்ளை ஒன்று உன் வரிசையில் வந்து நின்றிருந்தால் கணக்கு சரியாக இருக்கும், உன் பிள்ளை ஒன்று காணாமல் போயிருக்கும்.

நீச்சல் குளத்தில் இன்னும் கவனம். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, மூச்சு எடுக்கவே நேரம் இல்லாதபோது எங்கே கத்த? நம்ம பக்கம் கோடை வந்தால் கண்மாயிலும் கிணற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம், கூடக் குளித்தவர்கள் "சத்தமே கேக்கல சார்" என்று சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துத்தான் பல கேம்ப்புகளில் தண்ணீரில் இறக்குவார்கள், விசில் அடித்ததும் ஜோடிகள் கைகோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். நல்ல முறை. அதற்காக, லைஃப்கார்டுதான் இருக்கிறாரே என்று நீ போனை எடுத்துவிடாதே.

அப்புறம் சாப்பாடு. போன தடவை நான் கொடுத்துவிட்ட கடலை மிட்டாயைப் பாசத்தில் கேம்ப்புக்கு எடுத்துப் போய்விடாதே, தாயி. இங்கே அதைச் சத்துணவு மாதிரி கையில் கொடுத்துப் பழகிவிட்டோம், அங்கே உன் குழுவில் ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் ஒரு துண்டே உயிருக்கு ஆபத்து. எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, ஒவ்வாமை முற்றினால் போடும் எபிபென் ஊசி யார் பையில் இருக்கிறது, இரண்டையும் முதல் நாள் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள். அந்த ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும், போட்ட கையோடு அவசர உதவி எண் 911ஐக் கூப்பிட வேண்டும். போடுவது பெரியவர்கள் வேலையாக இருக்கலாம், ஓடிப்போய் அவர்களைக் கூப்பிடுவது உன் வேலை.

இனி சொல்வது எனக்கு எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் பதினைந்து வயதில் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உன்னைப் பெரியவர்களைவிடப் பக்கத்து ஆளாகப் பிள்ளைகள் நினைக்கும், அதனால் வீட்டில் அடிக்கிறார்கள், யாரோ தப்பாகத் தொட்டார் என்று உன்னிடம்தான் முதலில் சொல்லலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேள், நீயாகத் துருவாதே, அன்றைக்கே உன் பொறுப்பாளரிடம் சொல்லிவிடு, அங்கே யாரும் காதில் வாங்கவில்லை என்றால் உங்கம்மாவிடம் சொல். டெக்சாஸில் சந்தேகம் வந்த யாராக இருந்தாலும் புகார் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், இங்கேயும் 2012ல் வந்த போக்சோ சட்டம் அதையே சொல்கிறது. அதே மாதிரி, எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் நீ ஒருத்தியாக இருக்காதே, அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு.

டல்லாஸ் ஜூலை வெயிலும் மதுரை மே மாத வெயிலும் ஒன்றுதான், தாகம் எடுக்கும் முன்னேயே தண்ணீர் குடிக்க வை.

சரி, விளையாட்டு. துணியை வைத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி ஓடுகிற கொலை கொலையா முந்திரிக்கா உனக்கு மறந்திருக்காது. அங்கத்துப் பிள்ளைகள் விளையாடும் டக் டக் கூஸும் கிட்டத்தட்ட அதுதான், அதனால் உடனே பிடித்துக்கொள்வார்கள். பாண்டிக்கு ஒரு சாக்பீஸ் போதும். தட்டாங்கல்லும் சொல்லிக்கொடுக்க ஆசை என்றாயே, 9 வயதுக்கு மேற்பட்ட குழு கிடைத்தால் கொடு. சின்னதுகள் கல்லை வாயில் போட்டுக்கொள்ளும்.

உன் மாமா