வேலைக்காரி வேடம்தானே, போடு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுவது. குரல் பதிவு அனுப்பினால் நீ முழுசாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

தொலைக்காட்சி நாடகத்தில் உனக்குச் சிரிப்பு வேலைக்காரி வேடம் வந்திருக்கிறதாம். மேடையில் கதாநாயகியாக நின்றவள் இதைப் போய்ச் செய்வதா என்று யோசிக்கிறாயாம். தம்பி சொன்னான்.

மனோரமா ஆச்சி யோசித்தாரா? மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா அவர். அப்பா கைவிட்டுவிட, அம்மாவோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து நாடகமேடை ஏறியவர். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் கிடைத்தது சிரிப்பு வேடம்தான். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் ஆனார். சரி, அதற்காக அப்புறம் வந்த சிரிப்பு வேடங்களை வேண்டாம் என்றா சொன்னார்? ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸில் பேர் வந்தது. 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. பட்டமும் பதக்கமும் கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். ஜில்ஜில் ரமாமணியாக ஆச்சி வாயைத் திறந்ததும் கச்சான் கடலை விற்கிறவர்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். சிவாஜியும் பத்மினியும் இருக்கிற படத்தில், மறுநாள் பால்வெட்டுக்குப் போகும்போது பெண்கள் பேசிக் காட்டியது ரமாமணியைத்தான்!

அந்தப் படம் வந்த அதே வருஷம் 'பொம்மலாட்ட'த்தில் 'வா வாத்தியாரே' பாட்டை மெட்ராஸ் பாஷையில் அவரே பாடினார். செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர். காதால் கேட்டுப் பிடித்த பேச்சுதானே அது? உனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நம் ஊர் வேலைக்காரி மெட்ராஸ் பாஷை பேசமாட்டாள். பசாரில் மீன்காரரிடம் உன் பெரியம்மா பேரம் பேசுவாளே, "என்னா லா, நேத்து ஒரு வெல, இன்னைக்கு ஒரு வெலயா?" என்று இடுப்பில் கைவைத்து? அதைப் பேசு. வசனம் எழுதினவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருதரம் நடித்துக் காட்டு. (பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே.)

சம்பளத்தை மட்டும் முதலிலேயே பேசிக்கொள். போன நாடகத்தில் இழுத்தடித்த மாதிரி ஆகவேண்டாம், பாதியாவது முன்பணமாக வாங்கு. எந்த நாள் ஒளிபரப்பு என்று தெரிந்ததும் தம்பிக்குச் சொல், அன்றைக்குப் பெரியம்மாவை நம் வீட்டுக்கு அழைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா